ஒரே வீட்டில் ஐந்து பொங்கல்

சுங்கை ஊடாங், மலாக்கா
தை 6

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,



வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் ஏன் தாள் எடுத்து எழுதுகிறாள் என்று அண்ணி கேட்பீர்கள். எங்கள் வீட்டு அப்பாயிக்கு வாட்ஸ்அப்பில் நம்பிக்கை கிடையாது. ஊருக்கு எழுதுவது என்றால் தாளில்தான் எழுத வேண்டும், நான்கு முனையிலும் மஞ்சள் தடவ வேண்டும், தபால் பெட்டியில் போட வேண்டும். மஞ்சள் கறையைப் பார்த்து ஏதோ சாம்பார் சிந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

"போன இடத்தில் நம் பண்பாட்டை மறந்துடாதே" என்று அண்ணன் போனில் சொன்னீர்கள். அண்ணே, இங்கே மறக்க விட்டால்தானே மறப்பதற்கு! துறையூரில் இருந்தவரை எனக்குப் பண்பாடு என்பது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரும் வார்த்தை. இங்கே அது தினமும் மேசைக்கு வருகிறது. ஆளுக்கொரு பண்பாடு வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் வைத்திருப்பது போலி என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் பதவியை என்னைக் கேட்காமலே எனக்குக் கொடுத்துவிட்டார்கள், நான் "ஊர்க்காரி" என்பதால்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை ஊடாங் மலாக்கா நகரத்துக்கு வடமேற்கே, கடலோரம். ஒரு பக்கம் தெரெண்டாக் ராணுவ முகாம், இன்னொரு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, நடுவே தாமான் என்று இவர்கள் சொல்லும் வரிசை வீடுகள். அவற்றில் ஒன்றில் நாங்கள். மாமியார் வீட்டார் முன்னே தோட்டத்தில் லயத்தில் இருந்தவர்கள். ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டத்தில் ஆள் குறைந்தபோது இங்கே வந்து வீடு வாங்கியவர்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் சண்டை வரும் நாளில் எல்லாம் அவருக்கு ஷிப்ட் இருக்கும். எப்படி அப்படி அமைகிறது என்று தெரியவில்லை.

இனி கட்சிகளைப் பார்ப்போம்.

அப்பாயி. வயது எண்பத்தெட்டு. ரஜூலா கப்பலில் வந்த கங்காணி ஆட்களின் மகள். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் துறையூரில் எந்த ஏரிக்கரையில் எந்தப் புளியமரம் என்று என்னிடம் சொல்வார். அந்த மரம் இப்போது இல்லை, அங்கே செல்போன் கடை இருக்கிறது என்று சொன்னேன். "நீ டவுன்ல வளந்தவ, உனக்குத் தெரியாது" என்றுவிட்டார். தோட்டத்து முனியாண்டிக்கு வருஷம் ஒருமுறை சேவலும் சுருட்டும் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் கொள்கை. அறுபதுகளில் தெரெண்டாக் முகாமில் ஆஸ்திரேலியக்காரர் வீடுகளில் துணி துவைத்திருக்கிறார். அதனால் கொஞ்சம் ஆங்கிலமும் உண்டு. ஆனால் அதைச் சபையில் பேச முடியாது.

மாமனார். அப்பாயியின் மூத்த மகன், பெரியார் கட்சி. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தாரே, அந்தச் சூடு தோட்டத்துக்குத் தோட்டம் பரவியிருந்ததாம். மாமனார் பிற்காலத்தில் தமிழ் இளைஞர் மணிமன்றத்தில் சேர்ந்து அந்தச் சூட்டை அணையாமல் வைத்திருக்கிறார். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' பத்திரிகை 2019இல் நின்றபோது, கடைசி இதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். அவர் சாமி கும்பிடுவதில்லை, அந்த உறையைத் தொடும்போது மட்டும் செருப்பைக் கழற்றுகிறார்.

மாமியார். மாமனார் கழற்றிவிட்ட சாமிகளை எல்லாம் சேர்த்துக் கும்பிடுபவர். ஆனால் முறையாகக் கும்பிட வேண்டும். ஆகமம், பஞ்சாங்கம், சைவச் சாப்பாடு. சுருட்டும் சேவலும் "நாகரிகம் இல்லாத காலத்து வழக்கம்" என்பார், குரலைத் தாழ்த்தி. அப்பாயிக்குக் காது கேட்காது என்று நினைக்கிறார். அப்பாயிக்கு வேண்டாதது எல்லாம் நன்றாகக் கேட்கும்.

கொழுந்தன். கணக்கர் வேலை. "மரபு சோறு போடுமா?" என்பது அவர் கேள்வி. மகளைச் சீனப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது வினோதமாக இருக்கும், இங்கே பல தமிழர் பிள்ளைகள் மாண்டரின் படிக்கிறார்கள். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இருநூறு ஆண்டு தாண்டி, நாடு முழுக்க ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும்போது பேத்தி மட்டும் சீனப் பள்ளியா என்று மாமனார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு சமாதானத்துக்கு அவரே வழி கண்டுபிடித்தார். திருக்குறளைத் தைவான் கவிஞர் யூ சி மாண்டரினில் மொழிபெயர்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்தப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். பேத்தி குறளைச் சீனத்தில் ஒப்பிப்பாள், தாத்தாவுக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனாலும் கண் கலங்குவார். இப்போதே தெரிகிறது.

கொழுந்தனுக்கு மரபில் பிடித்தது ஒன்றே ஒன்று. அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் இருக்கிறது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளிகளே பணம் போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. பால் வெட்டின கூலியில் மாதம் பத்து வெள்ளி கட்டி வாங்கிய பங்கு. "இதுதான் மரபு, வருஷா வருஷம் லாப ஈவு தருது" என்று கொழுந்தன் அதை மட்டும் தொட்டுக் கும்பிடுவார்.

ஐந்தாவது, என் ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. இவள்தான் எங்கள் வீட்டு வழக்கில் யாரும் எதிர்பார்க்காத சாட்சி. காஜா பேராங்கில் உள்ள செட்டி கிராமத்துப் பெண். காரைக்குடிச் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் மலாக்காச் செட்டிகள். சுல்தான்கள் ஆண்ட காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர்களின் வாரிசு. 1511இல் போர்த்துக்கீசியர், 1641இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ராஜ்யம் மாறிக்கொண்டே போனது. வீட்டில் பேச்சு மலாயாயிற்று. பெண்கள் உடை சாரோங் கெபாயா ஆயிற்று. சாமி மட்டும் மாறவில்லை. நகரத்தில் தூக்காங் எமாஸ் தெருவில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறதே, 1781இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் இவர்கள் முன்னோர் கட்டியது. அதே தெருவில் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிச் சீனக் கோயிலும் இருக்கின்றன. இவர்கள் மாரியம்மனை 'டத்தோ சாச்சார்' என்று மலாயில் கூப்பிட்டுக் காவடி எடுக்கிறார்கள். அம்மன் வருகிறாள், மொழி தெரியவில்லை என்று திரும்பிப் போவதில்லை.

இவளைக் கண்டால் மாமனாருக்குத் தலை சுற்றுகிறது. அவர் கணக்கில் மொழி இருந்தால்தான் தமிழன், சாமி வேண்டாம். இவள் குலத்தில் மொழி போய்ச் சாமி மிச்சம். இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து மரியாதையாக மலாயில் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழுத் தமிழர் வரும் என்று உங்கள் மாப்பிள்ளை சொல்வார், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே.

இப்படி ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்குப் பொங்கல் வந்தது.

மாமனாருக்கு அது தமிழர் திருநாள். மதம் கூடாது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் எல்லோரையும் ஒன்று சேர்க்கத் தொடங்கிவைத்த விழா என்பார். தை முதல் நாள்தான் புத்தாண்டு என்பதிலும் உறுதி. நம்மூரில் 2008இல் சட்டம் போட்டார்கள், 2011இல் எடுத்துவிட்டார்கள். மாமனார் இன்னும் எடுக்கவில்லை. மாமியாருக்குப் பொங்கல் சூரிய பூஜை, புத்தாண்டு சித்திரையில். ஆகவே இந்த வீட்டில் ஆண்டுக்கு இரண்டு புத்தாண்டு, இரண்டிலும் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சண்டை வீட்டோடு நிற்கவில்லை தெரியுமா? 2020 சனவரியில் இங்கே கல்வி அமைச்சிலிருந்து போன கடிதம் ஒன்று, பொங்கல் இந்துக்களின் சமய விழா என்று சொல்லிவிட்டது. முஸ்லிம் பிள்ளைகள் கலந்துகொள்ளலாமா என்று நாடே பேசி, அமைச்சர்கள் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. மாமனார் "பண்பாட்டு விழா!" என்று நாலு பேரிடம் சத்தம் போட்டிருக்கிறார். "சர்க்காருக்கே தெரியுது, இவருக்குத் தெரியலை" என்று மாமியார் சந்தோஷப்பட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு மாக் சிக் (மலாய் அத்தை) வழக்கம்போல் வந்து, இவ்வளவு பாலை ஏன் வேண்டுமென்றே வழிய விடுகிறீர்கள் என்று வருத்தப்பட்டுவிட்டுச் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு போனாராம்.

போகி அன்று என் பங்குக்கு நான் பழைய பாயை வாசலில் போட்டு எரிக்கக் கிளம்பினேன். கொழுந்தன் ஓடி வந்து தடுத்தார். இங்கே திறந்த வெளியில் எதையும் எரிக்கக் கூடாது, சட்டம், அபராதம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தூரத்தில் ஆலையின் உயரக் குழாயில் தீ ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் சேர்த்து அதுவே போகி கொளுத்துகிறது என்று பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

அன்று மாலைதான் பெரிய பஞ்சாயத்து. செட்டிகளுக்குப் போகி அன்று 'பார்ச்சு'. செத்துப்போன முன்னோருக்கெல்லாம் வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, சாம்பிராணி போட்டுக் கூப்பிடுவார்கள். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள். ஓரகத்தி இந்த வருஷம் அதை எங்கள் வீட்டில் வைத்தாள். நாசி லெமாக், சம்பால், மீன் பிண்டாங். பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக்குள் மீன் வாசனை! மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நம்ம வழக்கம் இல்லை" என்றார். மாமனாரும் முதல் முறையாக மனைவி பக்கம் சாய்ந்தார், செத்தவருக்குச் சோறு போடுவது மூடநம்பிக்கை என்று.

ஓரகத்தி கோபப்படவில்லை. உடைந்த தமிழில் ஒன்று சொன்னாள்: "உங்களுக்குத் தமிழ் இருக்கு. தாத்தாவோட தாத்தா பேரு தெரியுமா? எங்களுக்குத் தமிழ் போச்சு. ஆனா அவங்களுக்கு வருஷா வருஷம் சோறு போடுறோம்."

யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தாத்தாவோடு நிற்கிறது, அண்ணே. உங்களுக்குத் தெரியுமா?

அப்போது அப்பாயி எழுந்து வந்தார். இன்னொரு இலை போடச் சொன்னார். யாருக்கு என்று கேட்டதற்கு, "எங்கப்பனுக்கு" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கான தோட்டத்து ஆட்களில் ஒருவர் அவர். அப்பாயிக்கு அப்போது ஆறு வயது. போனவர் வரவில்லை. எந்த நாளில் செத்தார் என்று தெரியாததால் திதி கிடையாது. மாமியார், "அதுக்குத்தானே அத்தை ஆடி அமாவாசை இருக்கு, வருஷா வருஷம் குடுக்கிறோமே" என்றார். அப்பாயி சொன்னார்: "நீ எள்ளும் தண்ணியும் குடுக்கிற. எங்கப்பனுக்கு மீன் வேணும்."

இலை போட்டாயிற்று. மாமியாரே தண்ணீர் தெளித்தார். மாமனார் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசவில்லை. தாத்தாவின் இலையில் மீன் துண்டு சின்னதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அப்பாயியும் ஓரகத்தியும் சந்தைக்கடை மலாயில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே கட்சி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இது இப்படி உருக்கமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இரவு எட்டு மணிக்குப் பானைத் தகராறு தொடங்கியது. மண்பானையா, பித்தளையா, எவர்சில்வரா? கிழக்கே பார்த்து அடுப்பா? எங்கள் வீட்டு வாசல் மேற்கு. நல்ல நேரம் எது? மாமியார் இந்தியப் பஞ்சாங்கத்தோடு இரண்டரை மணி கூட்டுகிறார். 1982இல் இந்த நாட்டு அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதே, கிரகங்களுக்கு யார் தகவல் சொன்னது என்று மாமனார் கேட்கிறார். கடைசியில் வழக்கம்போல் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "ஊர்ல எப்படி?" என்றார்கள்.

உண்மையைச் சொன்னேன். எங்கள் அண்ணன் வீட்டில் குக்கரில் மூன்று விசில், பிறகு டிவியில் பட்டிமன்றம், சாயங்காலம் புதுப்படம். ஒருவரும் நம்பவில்லை. நான் குடும்ப ரகசியத்தை மறைக்கிறேன் என்று மாமியாருக்குச் சந்தேகம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பானை எது என்று ஐந்து பேர் பேசினார்கள். எந்தப் பானையானாலும் அடிப்பிடித்ததைத் தேய்க்கப் போவது நான். பண்பாட்டைப் பற்றி உரக்கப் பேசுகிறவர் யாரும் அதன் பாத்திரம் கழுவுவதில்லை. துறையூரிலும் அப்படித்தான், அண்ணே, அண்ணியைக் கேளுங்கள். எனவே நீதிபதி என்ற முறையில் தீர்ப்புச் சொன்னேன். இந்த வீட்டில் யாருக்கு எந்த வழக்கம் வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்கான வேலையை அவரே செய்ய வேண்டும்.

மேசை காலியாகிவிட்டது. பாதி மரபு அந்த நிமிஷமே வழக்கொழிந்தது. பித்தளைப் பானைக்காரர் யார் என்று விடியும்வரை தெரியவில்லை.

ஆனால் மிச்சம் நின்றதைக் கேளுங்கள். மாமனார் மண்பானைதான் தமிழர் அடையாளம் என்பதில் பின்வாங்கவில்லை. ஜாலான் பெண்டஹாரா கடையில் முன்பே வாங்கி வைத்திருந்த பானையை அவரே கொல்லையில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தார். சுயமரியாதைக்கும் தேங்காய் நாருக்கும் உள்ள உறவு எழுபது வயதில் அவருக்கு விளங்கியது. மாமியார் நாலு மணிக்கு எழுந்தார், ஆனால் சூரியன் எழவில்லை. இங்கே சனவரியில் ஏழேகால் ஆகிறது. மூன்று மணி நேரம் தூங்காமல் காத்திருந்தவர், அடுத்த வருஷம் நல்ல நேரம் ஏழரைக்கு மேல்தான் இருக்கும் என்று பஞ்சாங்கத்தைப் பார்க்காமலே அறிவித்துவிட்டார். அப்பாயி யாரையும் கேட்கவில்லை. பொழுது விடியும் முன்னே கோலம் போட்டு முடித்திருந்தார். அவருக்கு என் தீர்ப்பே தேவைப்படவில்லை. எழுபது வருஷமாக அந்தச் சட்டத்தில்தான் வாழ்கிறார்.

கொழுந்தன் எதுவும் வேண்டாம் என்பவர், ஆகவே எந்த வேலையும் இல்லை என்று சட்டம் பேசினார். மகள் கரும்பு கேட்டாள். பாசாருக்குப் போய்க் கரும்பு வாங்கி வந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சீனப் பெருநாள் ஒன்பதாம் நாள் தீ கோங் சாமிக்கு வைக்கிறதுதானே, இப்பவே ஏன்?" என்றாள். சீனர்களில் ஹொக்கியன்காரர்கள் அன்று கரும்பு கட்டுவார்கள். பள்ளித் தோழி வீட்டில் பார்த்திருக்கிறாள். கொழுந்தன் வாசலில் நின்று, நாம் ஏன் கரும்பு வைக்கிறோம் என்று விளக்க ஆரம்பித்தார். அவருக்கும் தெரியவில்லை. மெல்ல மாமனார் பக்கம் நகர்ந்து கேட்டார். பள்ளிக்கூட விஷயத்தால் நின்றுபோயிருந்த பேச்சு அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓடியது.

பால் பொங்கியது. எல்லோரும் கத்தினோம். மாக் சிக் பாலைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தைப்பொங்கலுக்கு ஐந்து பேரும் துறையூருக்கு வருகிறார்கள். அசலைப் பார்க்க வேண்டுமாம். மாமனாருக்கு மதம் கலக்காத பொங்கல் எங்கே நடக்கிறதென்று பார்க்க வேண்டும். மாமியாருக்கு அதே நாளில் ஸ்ரீரங்கம், சமயபுரம். ஓரகத்திக்குச் சோழமண்டலக் கரையில் தன் ஆட்கள் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்நூறு வருஷத்துக் கணக்கு, அண்ணன் தாலுகா ஆபீசில் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். கொழுந்தனுக்கு வைஃபை போதும். குக்கரை ஒளித்து வையுங்கள், டிவியை இரண்டு நாளைக்கு ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள். செல்போன் கடை முதலாளியிடம் புளியமரத்தைப் பற்றி அப்பாயி விசாரிப்பார். அவரையும் கொஞ்சம் தயார் செய்து வையுங்கள். அண்ணி, நீங்கள் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். என் தீர்ப்பை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டி விடுங்கள், அது அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை

பி.கு.: மஞ்சள் தடவும்போது அப்பாயி கேட்கச் சொன்னது. போகி அன்று துறையூரில் கடல் மீன் கிடைக்குமா? ஏரி மீன் வேண்டாமாம். மலாயாவுக்கு வந்த பிறகு அவர் அப்பாவுக்கு ஏரி மீன் பிடிக்காமல் போய்விட்டதாம்.